பிடரியில் திருகாணி: மண்டையோட்டு அடிப்பக்கம் பற்றி திருகோணமலையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் மாமா இருட்டில் தம்பலகாமத்துப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தார். கழுத்தின் மேல் எலும்பு உடைந்து, வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் திருகாணி வைத்துச் சரிப்படுத்தினார்கள். நான் இங்கே பிள்ளைகளுக்கு உடற்கூற்றியல் படிப்பிக்கிறேன், வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் மண்டையோடும் கழுத்தெலும்புகளும் இருக்கின்றன. அதனால் அவருக்கு நடந்ததை அத்தைக்கு விளங்கப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. அத்தை பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்கள் உப்புவெளியில் இருக்கிற தங்கச்சியிடம் சொல்ல, இப்போது ஸ்கான் படத்தோடு ஆட்கள் வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சத்திரசிகிச்சை செய்கிறவன் இல்லை. எந்தத் திருகாணி, எத்தனை, போடுவதா விடுவதா என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

மண்டையோட்டின் அடிப்பக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்?

மூளை உட்கார்ந்திருக்கும் தளம். முன்னால் கண்குழிக்கும் மூக்குக்கும் மேலே தொடங்கி, நடுவில் காதின் மட்டத்தில் இறங்கி, பின்னால் பிடரி வரை மூன்று படியாகப் போகிறது. கழுத்துத் திருகாணிக் கதைக்கு நமக்கு வேண்டியது பின்படி மட்டும்தான், அதாவது பிடர் எலும்பு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிடரென்பு என்று இருக்கும். அதன் அடியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: முன்பின்னாக ஏறக்குறைய 35 மில்லிமீற்றர், குறுக்கே 30. மூளைத்தண்டு முண்ணாணாக, அதாவது முதுகெலும்புக்குள்ளால் போகும் நரம்புத் தண்டாக, மாறி அதற்குள்ளால்தான் இறங்குகிறது. ஓட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள். அந்த இரண்டு குமிழும் கழுத்தின் முதல் எலும்பின் இரண்டு குழியில் உட்கார்ந்திருக்கின்றன, தலையின் முழுப் பாரமும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

ரிப்போர்ட்டில் சீ1 என்று போட்டிருந்தால் அது முதல் எலும்பு, ஒரு வளையம் மாதிரி, நடுவில் கட்டை கிடையாது. சீ2 அடுத்தது. அதிலிருந்து பல் மாதிரி ஒரு முளை மேலே எழும்பி வளையத்துக்குள் நிற்கும். இல்லை என்று தலையாட்டும்போது வளையம் அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. ஆம் என்று ஆட்டும்போது பெரும்பாலும் குமிழ் குழிக்குள் உருள்கிறது.

அந்த இடத்தில் எதற்காகத் திருகாணி?

பிடித்து வைத்திருந்த ஒன்று விட்டுப்போனதால். விபத்தில் முளை உடையலாம், வளையம் வெடிக்கலாம். 1920ல் ஜெபர்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் விவரித்ததால் வளைய உடைவுக்கு அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். கனகாலமாக மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு, முளையை வளையத்தோடு கட்டி வைத்திருக்கும் இணையம், அதாவது எலும்பை எலும்போடு பிடிக்கும் நார், தளர்ந்துபோகும். டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்கும் அது பிறப்பிலேயே தளர்வு. சிலருக்கு காசநோய் இந்த மூட்டை அரித்துவிடும், சிலருக்குப் புற்றுக்கட்டி. இன்னும் சிலருக்கு முளை மேலே ஏறி அந்தப் பெரிய ஓட்டைக்குள்ளேயே போய் மூளைத்தண்டை நெருக்கும். எதுவாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்: எலும்பு அசைகிறது, பக்கத்தில் மூளைத்தண்டு.

எல்லா உடைவுக்கும் திருகாணி வேண்டாம். சிலவற்றுக்குக் கழுத்துப் பட்டியே போதும்.

பிடர் எலும்பு முழுக்க ஒரே தடிப்புத்தானே? எங்கே போட்டால் என்ன?

இல்லை. எல்லாமே தங்கியிருப்பது இந்த இடத்தில்தான். உங்கள் கையைப் பின்னால் கொண்டுபோய் தலையின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். கழுத்துச் சதை தொடங்குவதற்குச் சற்று மேலே ஒரு மொட்டு தட்டுப்படும். ஆண்களுக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், சில பெண்களுக்கு மேடு என்றே சொல்ல முடியாதபடி மெல்லிசாக இருக்கும். அதுதான் பிடர் மொட்டு. அங்கேதான் எலும்பு மிகத் தடிப்பு: ஒரு சென்ரிமீற்றருக்கு மேல், சிலருக்கு ஒன்றரைக்குக் கிட்டவும் வரும். அந்த மொட்டிலிருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கி ஒரு வரம்பு வளைந்து போகிறது, கழுத்துச் சதைகள் பிடித்திருக்கும் வரம்பு. மொட்டிலிருந்து நேரே கீழே, பெரிய ஓட்டையை நோக்கி, நடுவில் வள்ளத்தின் ஏராக்கட்டை மாதிரி இன்னொரு மேடு இறங்குகிறது. நடுமேடு தடிப்பு. அதை விட்டு இரண்டு பக்கமும் விலகினால், சின்ன மூளை படுத்திருக்கும் குழிக்கு மேலே எலும்பு சட்டென்று மெலிந்து சில மில்லிமீற்றர்தான். பிளாஸ்ரிக் மண்டையோட்டில் இது தெரியாது. உண்மையான மண்டையோட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தக் குழியில் வெளிச்சம் ஊடுருவும், நடுமேடு மட்டும் கறுப்பாக நிற்கும். நான் முதல்முதல் அப்படிப் பார்த்த அன்றுதான் இந்தப் பாடம் எனக்கு மண்டையில் ஏறியது.

எலும்புகளை அளந்து பார்த்தவர்கள் 8 மில்லிமீற்றர் திருகாணிக்கு ஒரு வரைபடமே சொல்லியிருக்கிறார்கள். மொட்டின் மட்டத்தில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2 சென்ரிமீற்றர் வரை. ஒரு சென்ரிமீற்றர் கீழே வந்தால் பக்கத்துக்கு 1 சென்ரிமீற்றர் மட்டும். 2 சென்ரிமீற்றர் கீழே அரை சென்ரிமீற்றர். கடதாசியில் கீறிப் பார்த்தால் தலைகீழ் முக்கோணம் வரும். தலையைக் கழுத்தோடு பிடித்து வைக்கப் பிடரியில் இப்போது போடும் உலோகத் தகடுகள் பல நடுக்கோட்டில் திருகாணி இறங்குகிற மாதிரி செய்யப்பட்டிருப்பது அதனால்தான்.

அப்படியென்றால் மிகத் தடித்த மொட்டிலேயே எல்லாத்தையும் போட்டுவிடலாமே?

நல்ல கேள்வி, மாணவர்களும் இதைத்தான் கேட்பார்கள். மொட்டுக்கு நேர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூளையிலிருந்து அழுக்கு இரத்தத்தைத் திரட்டி வரும் பெரிய நாளக்கால்வாய்கள் ஒன்றுகூடும் சந்தி அங்கேதான். மேலிருந்து நடுக்கோட்டில் ஒன்று இறங்குகிறது, சந்தியிலிருந்து இரண்டு பக்கமும் குறுக்கே இரண்டு பிரிந்து போகின்றன. வெளியே கையால் தடவிய அந்த வளைந்த வரம்பு, உள்ளே குறுக்குக் கால்வாய் போகிற வழியை ஏறக்குறையக் காட்டித்தருகிறது. அச்சொட்டாக இல்லை, ஆளுக்காள் மேலே கீழே மாறும். ஆகவே பெரும்பாலும் வரம்புக்குக் கீழே, நடுமேட்டில் போடுவார்கள். மேலே போகப்போக எலும்பு நல்லது, உள்ளே ஆபத்து. கீழே போகப்போக உள்ளே ஆபத்துக் குறைவு, எலும்பு மெலிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடத்தில்தான் வேலை.

துளை உள்பக்கம் வரை போகுமா? தண்ணி ஒழுகும் என்கிறார்களே?

பிடர் எலும்பில் வெளியோடு, உள்ளோடு என்று இரண்டு கெட்டிப் பலகை. இரண்டையும் பிடித்தால் திருகாணியின் பிடி கூடும். ஆனால் மொட்டுக்குக் கிட்ட எலும்பு அவ்வளவு தடிப்பென்பதால், வெளியோட்டை மட்டும் பிடித்த திருகாணியே வேறு இடத்தில் இரண்டையும் பிடித்ததற்குக் கிட்ட நிற்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஓடாவி ஐயா இருக்கிறார். பலகையில் துளை போடுமுன் துளைக்கம்பியில் ஆழத்துக்கு அடையாளமாகச் சின்னச் சிவப்புத் துணிக்கீற்றைச் சுற்றுவார். துணி பலகையைத் தொட்டதும் கை நிற்கும். சத்திரசிகிச்சையிலும் அதே புத்திதான்: துளைக்கருவியில் தடை வைத்து, 6 அல்லது 8 மில்லிமீற்றரில் தொடங்கி, மெல்லிய கம்பியால் குழியின் அடியைத் தொட்டுப் பார்த்து, எலும்பு இன்னும் இருந்தால் 2 மில்லிமீற்றர் கூட்டி, திரும்பத் தொட்டுப் பார்த்துப் போவார்கள். பிடர் எலும்பு கெட்டியானது, ஆகவே திருகாணி இறங்குமுன் புரி வெட்டுவதும் உண்டு. உள்ளோடு தாண்டி மூளையுறை கீறுப்பட்டால் மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த பாய்பொருள் வரும், நாளத்தைத் தொட்டால் இரத்தம் வரும். பெரும்பாலும் அதே துளையில் திருகாணியை இறக்கினாலே அடைபடும், அல்லது எலும்பு மெழுகு வைத்து அடைப்பார்கள். பிறகு தையல் ஈரமாகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று கவனிப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காயத்திலிருந்து தண்ணி மாதிரி வடிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

கழுத்தில் பெரிய இரத்தக்குழாய் போகிறதாம், அதில் பட்டால்?

முள்ளந்தண்டு நாடி. பக்கத்துக்கு ஒன்று. கழுத்தெலும்புகளின் பக்கத்து ஓட்டைகளுக்குள்ளால் ஆறாவது எலும்பிலிருந்து முதலாவது வரை ஏணி ஏறுவது மாதிரி வருகிறது. அதுவரை நேர் வழி. இரண்டாவது எலும்பில் வெளியே வளைந்து, முதல் வளையத்தின் ஓட்டைக்குள் நுழைந்து, மேலே வந்ததும் பின்பக்கமாகத் திரும்பி, வளையத்தின் மேல்விளிம்பில் உள்ள ஒரு வாய்க்காலில் படுத்து, நடுவை நோக்கி வந்து, மூளையுறையைத் துளைத்துப் பெரிய ஓட்டைக்குள் போகிறது. இத்தனை வளைவு எதற்கென்றால், தலையைத் திருப்பும்போது நாடி இழுபடாமல் இருக்கத் தளர்வு வேண்டும். திருகாணி போடுபவருக்கோ ஒவ்வொரு வளைவும் ஒரு பொறி.

முதலாவது: வளையத்தின் பின்பக்கத்தில் சதையை விலக்கும்போது நடுவிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும், மேல்விளிம்பில் அதிலும் குறைவு. அதற்கு அப்பால் நாடி. பிள்ளைகளுக்கு இந்த அளவு இன்னும் சுருங்கும்.

இரண்டாவது: வளையத்தின் மேலே நாடி கிடக்கும் வாய்க்காலுக்கு மேல் சிலருக்கு எலும்பாலேயே ஒரு பாலம் இருக்கும். நோயல்ல, பிறந்த அமைப்பு, அவ்வளவு அபூர்வமும் இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் வளையம் நல்ல அகலமாகத் தெரியும், இவ்வளவு எலும்பு இருக்கிறதே என்று அதில் திருகாணியை இறக்கினால் பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும் நாடிக்குள்தான் போகும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில்கூட ஒரு சின்ன வட்டமாகப் பாலம் தெரியும், பார்க்க வேண்டும் என்று நினைத்தவருக்கு.

மூன்றாவது: இரண்டாவது எலும்பில் நாடி வழக்கத்தைவிட மேலேயும் உள்ளேயும் ஏறியிருக்கும் ஆட்கள் உண்டு. அப்போது திருகாணி போக வேண்டிய எலும்புக் கழுத்து மெலிந்துபோகும். அந்தப் பக்கம் வேறு வழியைத் தேர்வார்கள், குறுகிய திருகாணியோ, அந்த எலும்பின் பின்பக்கத் தட்டைப் பகுதிக்குள் படுக்கையாகப் போகும் திருகாணியோ.

இவ்வளவும் பார்த்தும் நாடியில் பட்டுவிட்டால்? அமத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துவார்கள், பல நேரம் அந்தத் துளையிலேயே திருகாணியை வைத்துவிடுவார்கள். மறுபக்கத்தில் நாடிக்கு ஆபத்தான அந்தத் திருகாணியை அன்றைக்குப் போடமாட்டார்கள். இரண்டு நாடியும் போனால் மூளைத்தண்டுக்கு இரத்தம் இல்லை. மாமாவின் ஸ்கானில் இடது நாடி வலதைவிடப் பெரிசு, பலருக்கு அப்படித்தான். சத்திரசிகிச்சை செய்த டொக்டர் அத்தைக்கு அதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டி, எந்தப் பக்கத்தை முதலில் செய்யப்போகிறோம் என்று சொன்னார். அந்த ஐந்து நிமிசம் அத்தைக்கு எவ்வளவு தைரியம் தந்தது என்று எனக்குத் தெரியும்.

நாக்கு இழுத்துக்கொள்ளுமா?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், நாக்கை அசைக்கும் நரம்பு நான் மேலே சொன்ன குமிழுக்கு மேலே ஒரு சின்னக் குழாயால் மண்டையை விட்டு வெளியேறுகிறது. சிலருக்குப் பிடர் எலும்பை முன்னமே வெட்டி எடுத்திருப்பார்கள், தகடு வைக்க இடம் இருக்காது. அப்படியானவர்களுக்கு அந்தக் குமிழுக்குள்ளேயே திருகாணி போடும் முறை உண்டு. குமிழின் நீளம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர், உயரம் 1 சென்ரிமீற்றர் அளவுதான். மேலே நாக்கு நரம்பு, வெளிப்பக்கத்தில் கழுத்துப் பெருநாளம் வெளிவரும் ஓட்டை, உள்ளே மூளைத்தண்டு, கீழே முள்ளந்தண்டு நாடி. நான்கு பக்கமும் வேலி. குமிழ்கள் முன்னோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்குவதால் திருகாணியும் உள்பக்கம் சரிந்து போக வேண்டும், ஆனால் மேலே எழும்பக்கூடாது. எல்லோருக்கும் செய்வதில்லை. முதல் எலும்பில் போடும் திருகாணி அளவுக்கு மிஞ்சி முன்னால் நீட்டினாலும் அதே நரம்பையோ, பக்கத்தில் மூளைக்குப் போகும் உட்கழுத்து நாடியையோ தொடலாம். அதனால்தான் நீளத்தை முன்கூட்டியே ஸ்கானில் அளக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்தாச்சு. பிறகும் ஏன் சீ.டி, எம்.ஆர்.ஐ, மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கான்?

எக்ஸ்ரே எலும்பு வரிசையைக் காட்டும். சீ.டி தடிப்பைக் காட்டும், நாடிக்கு மருந்து ஏற்றி எடுக்கும் சீ.டி நாடி போகும் பாதையைக் காட்டும், எம்.ஆர்.ஐ முண்ணாணும் இணையமும் எப்படி இருக்கின்றன என்று காட்டும். நான் மேலே சொன்ன அளவெல்லாம் பல பேரின் சராசரி. உங்கள் அப்பாவின் பிடரி எத்தனை மில்லிமீற்றர் என்று அவருடைய சீ.டிக்குத்தான் தெரியும். செலவும் அலைச்சலும் எனக்குத் தெரியாமல் இல்லை, அதிகாலை பஸ் எடுத்துப் போய் இரவு திரும்பி வருகிற பயணம். ஆனாலும் இந்த ஒரு விசயத்தில் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இந்த முறை புதிதா?

தலையையும் கழுத்தையும் ஒட்டவைக்கும் வேலையை 1927ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்ரர் கால் எலும்புத் துண்டை வைத்துச் செய்து காட்டினார். பிறகு கனகாலம் கம்பியால் கட்டினார்கள், நோயாளி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் இரண்டு எலும்பையும் மூட்டுக்குக் குறுக்கே திருகாணியால் பிடிக்கும் முறையை சுவிற்சர்லாந்தின் மேகர்ல் 1987ல் எழுதினார். இரண்டு எலும்பிலும் தனித்தனியே திருகாணி போட்டு வெளியே இணைக்கும் முறையை மும்பாயின் அதுல் கோயல் 1994ல் வெளியிட்டார், ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001ல் அதைத் தடியும் தலை அசையும் திருகாணியுமாக மாற்றினார். இப்போது உலகம் முழுக்க கோயல், ஹார்ம்ஸ் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

திருகாணி வாழ்நாள் முழுக்கத் தாங்குமா?

திருகாணி தாங்க வேண்டியது மாதக்கணக்கில் மட்டும்தான். இடுப்பெலும்பிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த எலும்புத் துண்டை அந்த இடத்தில் வைப்பார்கள். அது வளர்ந்து ஒட்டினால் பாரத்தை எலும்பே எடுத்துக்கொள்ளும். ஒட்டாவிட்டால் எவ்வளவு நல்ல உலோகமும் ஒருநாள் தளரும், இல்லாவிட்டால் முறியும். சிகரெட், பீடி எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், ஆகவே அதை விடச் சொன்னால் சும்மா சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உலோகம் பெரும்பாலும் டைட்டேனியம். எம்.ஆர்.ஐ எடுக்கலாம், அந்த இடம் மட்டும் படத்தில் கலங்கலாகத் தெரியும்.

பிறகு தலையைத் திருப்ப முடியுமா?

முதல் இரண்டு எலும்பை மட்டும் ஒட்டினால், கழுத்துத் திரும்புவதில் ஏறக்குறையப் பாதி போகும். மண்டையோடும் சேர்த்து ஒட்டினால் தலையாட்டுவதிலும் ஒரு பங்கு போகும். மாமா இப்போது ரோட்டைக் கடக்கும்போது தோளோடு திரும்பித்தான் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளை வித்துவிட்டார். கோணேசர் கோயிலுக்குப் படியேறுகிறார், இறங்கும்போது மட்டும் காலடியைப் பார்க்கக் குனிய முடியாதென்பதால் பேரனின் தோளைப் பிடித்துக்கொள்வார்.

இதோடு சேர்ந்த ஒன்று: எந்தக் கோணத்தில் தலையை நிறுத்தி ஒட்டுகிறார்கள் என்பது. குனிந்தபடி ஒட்டினால் தொண்டைக்குழி ஒடுங்கி விழுங்கவும், சில நேரம் மூச்சுவிடவும் கஷ்டம், நேரே பார்க்கவும் முடியாது. நிமிர்ந்தபடி ஒட்டினால் சோற்றுத் தட்டு தெரியாது. ஒட்டிய பிறகு மாற்றுவது பெரிய வேலை. அதனால்தான் மேசையில் குப்புறப் படுக்கவைத்த பிறகும் எக்ஸ்ரே பார்த்துச் சரிசெய்கிறார்கள்.

பின்தலை மரத்துப்போவது பலருக்கு உண்டு. இரண்டாவது கழுத்து நரம்பு திருகாணி போகும் வழியிலேயே இருப்பதால் அதை ஒதுக்குவார்கள், சிலருக்கு வெட்டவும் வேண்டிவரும்.

நெற்றியில் இரும்பு வளையம் மாட்டியிருந்த ஒருவரைப் பார்த்தோம். அது என்ன?

ஹேலோ வளையம். சத்திரசிகிச்சை இல்லாமலோ அதற்கு முன்னோ தலையை அசையாமல் பிடித்து வைக்க. அதன் ஊசிகளும் மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தே வைக்கப்படுகின்றன: முன்னால் புருவத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே, புருவத்தின் வெளிப்பாதி அளவில். உள்ளே தள்ளினால் நெற்றி நரம்பு, வெளியே தள்ளினால் நெற்றிப்பொட்டுச் சதையும் மெல்லிய எலும்பும். பெரியவர்களுக்கு நாலு ஊசி. பிள்ளைகளின் எலும்பு மெல்லியது என்பதால் கூடுதல் ஊசி போட்டு ஒவ்வொன்றையும் மெதுவாக இறுக்குவார்கள்.

விழுந்தவரை நாங்கள் தூக்கி ஓட்டோவில் ஏற்றலாமா?

வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன். ஆழமில்லாத கடலில் தலைகீழாகக் குதித்த பிள்ளை, தென்னையிலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், யாராக இருந்தாலும் கழுத்து நோகிறது என்றாலோ, கைகால் விறைக்கிறது என்றாலோ, நினைவில்லை என்றாலோ தலையை இரண்டு பக்கமும் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசில்லை. கடலுக்குள் கிடந்தால் முகம் தண்ணிக்கு மேலே இருக்கிற மாதிரி, தலையும் உடம்பும் ஒரே நேராகக் கரைக்கு இழுக்க வேண்டும். மூச்சில்லை என்றால் மூச்சுக்குத்தான் முதலிடம். மாமாவை நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கினார்கள், தலை தொங்கியது. அவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

டொக்டரிடம் என்ன கேட்பது? கேட்டால் கோபிப்பாரா?

பெரும்பாலும் கோபிக்க மாட்டார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த எலும்பு வரை ஒட்டுகிறீர்கள்? நாடி எந்தப் பக்கம் பெரிசு, ஸ்கானில் வழக்கத்துக்கு மாறாக ஏதும் இருக்கிறதா? எலும்புத் துண்டு எங்கிருந்து எடுப்பீர்கள்? பட்டி எத்தனை கிழமை? ஒட்டியதா என்று எப்போது பார்ப்பீர்கள்?

உங்கள் வீட்டுக்கு வந்து மண்டையோட்டைப் பார்க்கலாமா?

வாருங்கள், பின்னேரம் நாலரைக்குப் பிறகு. பிலிமோடு சீ.டியை நகலெடுத்துத் தந்த தட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள், கம்பியூட்டரில் போட்டால்தான் உங்கள் ஆளின் எலும்பை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.